ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகு பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? ஃபார்மேட் செய்வதற்கு முன் இதைப் படியுங்கள்

கேரளா - தமிழ்நாடு எல்லையில், பொள்ளாச்சி சாலையில் இருக்கும் மீனாட்சிபுரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். வாங்கிப் பத்து வருஷம் ஆகிறது. பேட்டரி எப்போதோ போய்விட்டதால் சார்ஜரைச் செருகினால்தான் ஓடும். ராத்திரி மூடும்போது "அப்டேட் அண்ட் ஷட் டவுன்" என்று வந்தது, அழுத்திவிட்டுப் படுத்துவிட்டார்கள். காலையில் பார்த்தால் பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு.

அதற்குள் மகளின் கல்லூரி புராஜெக்ட் இருக்கிறது. நிலப் பத்திரங்களின் ஸ்கேன் இருக்கிறது. இப்போது உயிரோடு இல்லாத பாட்டியின் போட்டோக்கள் இருக்கின்றன. கடைக்குக் கொண்டுபோனால், "ஓஎஸ் போயிடுச்சு, ஃபார்மேட் பண்ணிடலாம்" என்ற பதில் வரக்கூடும்.

அந்தப் பதிலுக்குத் தலையாட்டுவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் தொடுகிற இடம் வேறு, உங்கள் ஃபைல்கள் இருக்கும் இடம் வேறு. அப்டேட் சொதப்பினாலும் ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அவை அழிவது, அதற்குப் பிறகு நாம் அவசரப்பட்டுச் செய்யும் காரியங்களால்தான்.

என்ன நடந்திருக்கும், எந்த வரிசையில் சோதிக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஃபர்ம்வேர் என்றால் என்ன? அது எங்கே இருக்கிறது?

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் விண்டோஸோ லினக்ஸோ நேராக ஓட ஆரம்பிப்பதில்லை. அதற்கு முன்னால் ஒரு சின்ன புரோகிராம் எழுந்து, ராம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, ஹார்ட் டிஸ்க் எங்கே என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறது. எல்லாம் சரியாக இருந்தால், டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸைக் கூப்பிட்டு வேலையை ஒப்படைக்கிறது. அந்தச் சின்ன புரோகிராம்தான் ஃபர்ம்வேர். பழைய பழக்கத்தில் இதை 'பயாஸ்' என்கிறோம். கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் வந்த கம்ப்யூட்டர்களில் இருப்பது 'யூஇஎஃப்ஐ' என்ற புதிய வகை.

இது ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதில்லை. மதர்போர்டில், பெரும்பாலும் எட்டுக் கால்கள் கொண்ட, விரல்நகத்தைவிடச் சிறிய ஒரு சிப்பில் இருக்கிறது. அதன் கொள்ளளவு பெரும்பாலும் 8 அல்லது 16 எம்பிதான். செல்போனில் எடுத்த இரண்டு மூன்று போட்டோ அளவு.

அப்டேட் நடக்கும்போது இந்தச் சிப்பில் இருக்கும் பழைய புரோகிராம் பகுதி பகுதியாக அழிக்கப்பட்டு, புதியது எழுதப்படுகிறது. பாதியில் கரண்ட் போனால், எழுந்து நின்று முதல் வேலையைச் செய்ய வேண்டிய புரோகிராமே அரைகுறையாக நின்றுவிடும். ஃபேன் சுற்றும், லைட் எரியும், வேறு எதுவும் நடக்காது. பேட்டரி செத்த பழைய லேப்டாப்புக்கு இருக்கும் உண்மையான ஆபத்து இதுதான். நல்ல பேட்டரி இருந்தால் கரண்ட் போனாலும் அப்டேட் முடிந்துவிடும். பேட்டரி இல்லாவிட்டால் அந்த ஒரு நொடி போதும்.

பழைய கம்ப்யூட்டருக்கு இப்போது ஏன் அப்டேட் வருகிறது?

"நான் எதையும் டவுன்லோட் பண்ணவே இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாற டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய வசதிகள் வேண்டும். அவற்றை ஆன் செய்வதற்காகப் பலர் பயாஸுக்குள் போகிறார்கள், ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கிறார்கள். யூடியூப் வீடியோவைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு செட்டிங்காக மாற்றுகிறவர்களும் உண்டு.

இரண்டாவது, செக்யூர் பூட் நம்பியிருக்கும் மைக்ரோசாஃப்ட்டின் 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூனில் தொடங்கிக் காலாவதியாகின்றன. அவற்றுக்குப் பதிலாக 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாக வருகின்றன. சில மாடல்களுக்குத் தயாரிப்பு நிறுவனத்தின் ஃபர்ம்வேர் அப்டேட்டும் தேவைப்படுகிறது. பழைய சான்றிதழோடு இருக்கும் கம்ப்யூட்டர் அதனாலேயே நின்றுவிடாது, தொடர்ந்து பூட் ஆகும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. பூட் தொடர்பான புதிய பாதுகாப்பு அப்டேட்கள்தான் அதற்கு வராது. ஆகவே பதறிப்போய் ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

விண்டோஸ் அப்டேட்டிலேயே 'ஃபர்ம்வேர்' என்ற பெயரில் சில அப்டேட்கள் வந்து சேரும். லினக்ஸிலும் இதுபோன்ற வசதி இருக்கிறது. நீங்கள் தேடிப் போகாமலே அது உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்திருக்கலாம்.

முதல் வேலை: சும்மா இருப்பது

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அப்டேட்டுக்குப் பிந்தைய முதல் பூட்டில் திரை சில நிமிடங்கள் கருப்பாகவே இருப்பதும், ஃபேன் சத்தமாக ஓடுவதும், தானாகவே இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் ஆவதும் சாதாரணம். ராமை மறுபடி அளந்து பார்ப்பது, துணைச் சிப்களைப் புதுப்பிப்பது போன்ற வேலைகள் அப்போதுதான் நடக்கும்.

சார்ஜரைச் செருகியபடியே குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். பவர் பட்டனை அழுத்தாதீர்கள். "ஹேங் ஆயிடுச்சு" என்று நினைத்து நடுவில் ஆஃப் செய்வதே பல நேரம் நல்ல கம்ப்யூட்டரைக் கெடுக்கிறது.

எந்த இடத்தில் நிற்கிறது? நான்கு வகை

அரை மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தால், அடுத்து என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் கடைக்காரருக்கும் உதவும்.

ஒன்று: லைட்டே எரியவில்லை. ஃபர்ம்வேரைக் குற்றம் சொல்வதற்கு முன் சார்ஜர், பிளக், ஸ்விட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். அதே வாட் உள்ள வேறு சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கம் இருக்கும் பவர் சப்ளை ஸ்விட்சைப் பாருங்கள். முந்தைய நாள் இடி மின்னல் இருந்ததா என்பதையும் யோசியுங்கள்.

இரண்டு: லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, கம்பெனி லோகோகூட வரவில்லை. ஃபர்ம்வேர் அரைகுறையாக எழுதப்பட்டிருக்கலாம், அல்லது ராம் சரியாக உட்காராமல் இருக்கலாம். பீப் சத்தம் எத்தனை முறை வருகிறது, கேப்ஸ் லாக் லைட் எத்தனை முறை மின்னுகிறது, பேட்டரி லைட் எந்த நிறத்தில் விட்டு விட்டு எரிகிறது என்று எண்ணுங்கள். திரை வேலை செய்யாதபோது கம்ப்யூட்டர் பேசும் மொழி அது. உங்கள் மாடலின் பெயரோடு அந்த எண்ணிக்கையைத் தேடினால் எந்தப் பாகத்தில் கோளாறு என்று தெரிந்துவிடும்.

மூன்று: லோகோ வருகிறது, பிறகு "நோ பூட்டபிள் டிவைஸ்" அல்லது "பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்" என்று வருகிறது. இது நல்ல சகுனம். ஃபர்ம்வேர் உயிரோடு இருக்கிறது. டிஸ்க்கை எங்கே, எப்படித் தேடுவது என்ற செட்டிங்தான் மாறிப்போயிருக்கிறது.

நான்கு: விண்டோஸ் தொடங்குகிறது. ஆனால் நீலத் திரையோ, பிட்லாக்கர் கீ கேட்கும் திரையோ வருகிறது. இங்கேயும் டேட்டா பத்திரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள்

1. மின்சாரத்தை முழுசாக வடியவிடுங்கள். சார்ஜரை எடுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுங்கள். பென் டிரைவ், பிரிண்டர், மவுஸ், மெமரி கார்டு எல்லாவற்றையும் அகற்றுங்கள். இப்போது பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். சர்க்யூட்டில் தேங்கி நிற்கும் மின்சாரத்தால் குழம்பிப்போன கம்ப்யூட்டர் இதிலேயே எழுந்துவிடுவது உண்டு.

2. ராமைக் கழற்றி மாட்டுங்கள். டெஸ்க்டாப்பிலும், அடியில் மூடி இருக்கும் பழைய லேப்டாப்பிலும் இதை எளிதாகச் செய்யலாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகே தொடுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள், பிறகு மற்றதை.

3. பயாஸ் பேட்டரியைப் பாருங்கள். டெஸ்க்டாப் மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032, 3 வோல்ட். வாட்ச் கடையிலும் கிடைக்கும். பயாஸ் செட்டிங்கையும் தேதி நேரத்தையும் கரண்ட் இல்லாதபோது காப்பாற்றுவது அதுதான். கம்ப்யூட்டரில் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கிறது என்றால் அது தீர்ந்துபோய்விட்டது என்று அர்த்தம். மின்சாரத்தைத் துண்டித்து, அந்தப் பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் வைத்திருந்து, புதியதை மாட்டினால் செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். லேப்டாப்களில் இது ஒயரோடு உள்ளே இருக்கும். பிரித்துப் பழக்கம் இல்லாவிட்டால் தொட வேண்டாம்.

கடைசிச் சோதனையில் ஒரு எச்சரிக்கை. செட்டிங்கை ஆரம்ப நிலைக்குத் திருப்பினால் சில பிரச்சினைகள் தீரும், சில புதிதாக முளைக்கும். ஏன் என்பதை அடுத்த பகுதியில் பாருங்கள்.

லோகோ வருகிறது, விண்டோஸ் வரவில்லை: மாறிப்போன செட்டிங்

ஃபர்ம்வேர் அப்டேட் ஆனவுடன், நீங்களோ கடைக்காரரோ முன்பு மாற்றி வைத்திருந்த செட்டிங் அழிந்து, கம்பெனி நிர்ணயித்த நிலைக்குப் போய்விடலாம். பழைய கம்ப்யூட்டர் நின்றுபோவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஆன் செய்தவுடன் எஃப்2, டெலீட், எஃப்10, எஃப்1 ஆகியவற்றில் உங்கள் மாடலுக்கு உரிய கீயை விட்டு விட்டு அழுத்தி பயாஸுக்குள் போங்கள். எதையும் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இவற்றைப் பாருங்கள்.

பூட் மோடு: பழைய முறை 'லெகசி' அல்லது 'சிஎஸ்எம்'. புதிய முறை 'யூஇஎஃப்ஐ'. உங்கள் விண்டோஸ் எந்த முறையில் இன்ஸ்டால் செய்யப்பட்டதோ அந்த முறையில்தான் பூட் ஆகும். விண்டோஸ் 7 காலத்து டிஸ்க்குகள் பல 'எம்பிஆர்' வடிவத்தில் இருக்கும். அவற்றுக்கு லெகசி வேண்டும். அப்டேட் ஆனபோதோ, விண்டோஸ் 11-க்காக நீங்கள் மாற்றியபோதோ அது யூஇஎஃப்ஐ ஆகியிருந்தால், டிஸ்க் இருந்தும் இல்லாதது போல ஆகிவிடும். திரும்ப லெகசிக்கு மாற்றிப் பாருங்கள்.

சாட்டா மோடு: 'ஏஹெச்சிஐ', 'ரெய்டு', 'ஐடிஇ' என்று இருக்கும். முன்பு எது இருந்ததோ அது மாறிப்போனால், "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத் திரை வரும். விண்டோஸ் கெட்டுப்போகவில்லை, கதவு மாறிவிட்டது. ஒவ்வொன்றாக மாற்றி ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். டிஸ்க்கின் பெயர் திரையில் தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். எந்த மோடிலும் தெரியவில்லை என்றால் டிஸ்க்கோ அதன் கேபிளோ பழுதாகியிருக்கலாம்.

பூட் ஆர்டர்: பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' அல்லது உங்கள் ஹார்ட் டிஸ்க் முதலில் இருக்க வேண்டும்.

தேதி, நேரம்: தவறாக இருந்தால் திருத்துங்கள்.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

வீட்டில் விண்டோஸ், பள்ளிக்கு லினக்ஸ்

எல்லைப் பகுதி வீடுகள் இதைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கேரளப் பள்ளிகளில் 'கைட்' நிறுவனத்தின் வழியாகக் கட்டற்ற மென்பொருளான லினக்ஸில்தான் பாடம் நடக்கிறது. 2018-இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளில் இந்த முறை வந்தது. அதனால் பிள்ளைகளுக்காக வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸோடு லினக்ஸையும் சேர்த்துப் போட்டிருக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம், 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் ஆரம்பக் காலத்தில் வந்தவையும் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்று இரண்டு ஓஎஸ்ஸோடு வந்தவைதான்.

இப்படி இரண்டு ஓஎஸ் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒரு பாடம். பாதுகாப்புக் குறை உள்ள பழைய பூட் புரோகிராம்களைத் தடுப்பதுதான் அதன் நோக்கம். இரண்டு ஓஎஸ் இருக்கும் கம்ப்யூட்டரில் அது செயல்படாது என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் பல கம்ப்யூட்டர்களில் இரண்டாவது ஓஎஸ் இருப்பதை அது கண்டுபிடிக்கவில்லை. விளைவு: விண்டோஸ் ஓடியது, லினக்ஸை எடுத்தால் "செக்யூரிட்டி பாலிஸி வயலேஷன்" என்று சொல்லிக் கம்ப்யூட்டர் அணைந்தது. முழுமையான தீர்வு 2025 மே மாத அப்டேட்டில்தான் வந்தது.

உங்களுக்கு இந்தச் செய்தி வந்தால் லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டியதில்லை. பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக ஆஃப் செய்யுங்கள். லினக்ஸ் எழும். அதைப் புதிய அப்டேட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்யலாம். விண்டோஸ் பக்கம் பிட்லாக்கர் இருந்தால் மட்டும், அதன் கீ கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே செக்யூர் பூட்டைத் தொடுங்கள்.

லினக்ஸ் பக்கமும் தவறு நடந்திருக்கிறது. 2017-இல் வந்த உபுண்டு 17.10, முக்கியமாகச் சில லெனோவா லேப்டாப்களில் பயாஸ் சிப்பையே பாதித்தது. செட்டிங்கை மாற்றினால் சேமிக்கவே முடியாமல் போனது, சிலவற்றில் பென் டிரைவில் இருந்து பூட் செய்யவும் முடியவில்லை. அந்த டிசம்பரில் டவுன்லோடையே நிறுத்தி, 2018 ஜனவரியில் திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். அதே ஜனவரியில், மெல்ட்டவுன், ஸ்பெக்டர் குறைகளுக்காக மைக்ரோசாஃப்ட் கொடுத்த அப்டேட்டால் ஏஎம்டி பிராசசர் உள்ள பழைய கம்ப்யூட்டர்கள் சில பூட் ஆகாமல் நின்றன. அவற்றுக்கு அப்டேட் கொடுப்பதையே மைக்ரோசாஃப்ட் தற்காலிகமாக நிறுத்தியது. ஆகவே, அப்டேட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் "நான்தான் என்னமோ பண்ணிட்டேன்" என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். முதலில் உங்கள் மாடலுக்கும் அந்த அப்டேட்டுக்கும் இதே புகார் வந்திருக்கிறதா என்று செல்போனில் தேடிப் பாருங்கள்.

பிட்லாக்கர் கீ கேட்கிறதா? இங்கேதான் நிதானம் வேண்டும்

நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால் பயந்துவிடாதீர்கள். யாரும் ஹேக் செய்யவில்லை. டிஸ்க்கில் இருப்பவை பூட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பூட்டு ஃபர்ம்வேரின் நிலையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஃபர்ம்வேர் மாறியதும், "இது அதே கம்ப்யூட்டர்தானா?" என்று சந்தேகப்பட்டு வாசலில் நிறுத்திக் கேட்கிறது.

"நான் பிட்லாக்கர் போடவே இல்லை" என்று பலர் சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸை செட்டப் செய்திருந்தால், டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அது தானாகவே ஆன் ஆகியிருக்கலாம். அப்படி ஆன் ஆகும்போது கீயும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படும்.

எனவே செல்போனில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், டிவைஸ் பகுதியில் ரெக்கவரி கீ இருக்கிறதா என்று பாருங்கள். திரையில் காட்டும் 'கீ ஐடி'யின் முதல் எட்டு எழுத்தும் அங்கே இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். லேப்டாப்பை முதலில் செட்டப் செய்து கொடுத்தது மகனா, மருமகனா, கடைக்காரரா? அவர்களுடைய கணக்கில் கீ இருக்கலாம், கேளுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் அலுவலகத்தில் கேளுங்கள்.

கீ கிடைக்கும்வரை ஃபார்மேட் செய்ய விடாதீர்கள். கீ இல்லாமல் அந்த டேட்டாவை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் திறக்க முடியாது. இன்று கிடைக்காத கீ அடுத்த மாதம் ஒரு பழைய மெயில் கணக்கில் கிடைக்கக்கூடும். அதற்குள் டிஸ்க்கை அழித்துவிட்டால், கீ கிடைத்தும் பயன் இல்லை.

லோகோவே வரவில்லை: கம்பெனி ஒளித்து வைத்திருக்கும் வழிகள்

ஃபர்ம்வேர் பாதியில் நின்றுபோவது புதிய பிரச்சினை இல்லை. அதற்காகவே பல கம்பெனிகள் ஒரு மாற்று வழி வைத்திருக்கின்றன.

ஹெச்பி லேப்டாப்: சார்ஜரைச் செருகி, ஆஃப் நிலையில் விண்டோஸ் கீயையும் 'பி' கீயையும் சேர்த்து அழுத்திக்கொண்டு, பவர் பட்டனை 2 முதல் 3 விநாடி அழுத்துங்கள். பவர் பட்டனை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பிடித்தபடியே இருங்கள். பீப் சத்தம் வந்து, சிறிது நேரத்தில் பயாஸ் ரெக்கவரி திரை வரும்.

டெல் லேப்டாப்: ஏறத்தாழ 2015-க்குப் பிறகு வந்த பல மாடல்களில், கன்ட்ரோல், எஸ்கேப் கீகளைப் பிடித்தபடி சார்ஜரைச் செருகினால் ரெக்கவரி திரை வரும்.

லெனோவா: பல லேப்டாப்களில் அடியிலோ பக்கத்திலோ குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். மாடலைப் பொறுத்து அது எமர்ஜென்சி ரீசெட் அல்லது 'நோவோ' பட்டன். அழுத்திப் பாருங்கள்.

டெஸ்க்டாப் மதர்போர்டு: கிகாபைட் போர்டுகள் பலவற்றில் இரண்டாவது பயாஸ் சிப் ஒன்று உதிரியாகவே இருக்கும். ஏசூஸ், எம்எஸ்ஐ போர்டுகள் சிலவற்றில் பின்பக்கம் ஒரு பட்டன் இருக்கும். பென் டிரைவில் சரியான ஃபைலைப் போட்டு அந்தப் பட்டனை அழுத்தினால், திரையே இல்லாமல் பயாஸ் மறுபடி எழுதப்படும்.

இவற்றில் சிலவற்றுக்கு ஒரு பென் டிரைவில் ஃபர்ம்வேர் ஃபைல் வேண்டும். அதைத் தயார் செய்யப் பக்கத்து வீட்டிலோ நண்பரிடமோ இன்னொரு கம்ப்யூட்டர் தேவை. பென் டிரைவ் 'ஃபேட்32' வடிவத்தில் இருக்க வேண்டும். ஃபைலுக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்பது கம்பெனியின் தளத்தில் இருக்கும், அப்படியே வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் மாடல் எண். லேப்டாப்பின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து, ஒரு எழுத்துகூட மாறாமல் சரிபாருங்கள். ஒரே பெயரில் நான்கு வகை மதர்போர்டு இருக்கும். "கிட்டத்தட்ட அதே மாடல்" என்று வேறு ஃபைலைப் போட்டால், பிழைக்க வேண்டியதும் பிழைக்காது.

முதலில் ஃபைல்களைக் காப்பாற்ற வேண்டுமா?

நாளைக்குப் புராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டும், கம்ப்யூட்டர் சரியாக ஒரு வாரம் ஆகும் என்றால், டேட்டாவை மட்டும் முதலில் எடுத்துவிடலாம்.

லோகோ வரும் நிலையில் இருந்தால், லினக்ஸ் போட்ட பென் டிரைவில் இருந்து இன்ஸ்டால் செய்யாமலே பூட் செய்து, ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி செய்யலாம். 'டிரை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'இன்ஸ்டால்' பக்கம் போகாதீர்கள்.

லோகோவே வரவில்லை என்றால், டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகலாம். பழைய லேப்டாப்பில் ஒரு வசதி, டிஸ்க் தனியாகக் கழன்று வரும். செருகியவுடன் "ஃபார்மேட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் "வேண்டாம்" கொடுங்கள். லினக்ஸ் பகுதியைப் பார்த்தாலும் விண்டோஸ் அப்படிக் கேட்கும். பிட்லாக்கர் இருந்தால் இங்கேயும் அந்த 48 இலக்கக் கீ வேண்டும்.

கடைக்குப் போகும்போது என்ன சொல்ல வேண்டும்?

மீனாட்சிபுரத்துக்காரர் பொள்ளாச்சிக்கோ சித்தூருக்கோ போகலாம், மறையூர்க்காரர் உடுமலைக்கு இறங்கலாம். எங்கே போனாலும் முதல் வார்த்தை இதுவாக இருக்கட்டும்: "அண்ணா, பயாஸ் அப்டேட் ஆனதுக்கப்புறம் ஆன் ஆகலை. உள்ளே இருக்கிற ஃபைல் எல்லாம் வேணும். என்னைக் கேக்காம ஃபார்மேட் பண்ணிடாதீங்க." முடிந்தால் இதைப் பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஃபர்ம்வேர் சிப்பே கெட்டிருந்தால், 'புரோகிராமர்' என்ற சிறு கருவியை வைத்து அதில் நேராக எழுதுவார்கள். மதர்போர்டு மாற்றுவதைவிட இது மிகவும் மலிவு. "மதர்போர்டு போச்சு" என்று சொன்னால், "பயாஸ் சிப்பை எழுதிப் பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: "எழுதுறதுக்கு முன்னாடி பழசை காப்பி எடுத்து வெச்சுக்கறீங்களா?" அந்தச் சிப்பில் உங்கள் லேப்டாப்பின் சீரியல் நம்பர் இருக்கும். விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு விண்டோஸோடு விற்கப்பட்ட மாடல்களில் அதன் லைசன்ஸ் கீயும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வேறு லேப்டாப்பின் ஃபைலை அப்படியே எழுதிவிட்டால் கம்ப்யூட்டர் எழும், உங்கள் லைசன்ஸ் காணாமல் போகலாம். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். சந்தேகம் இருந்தால், டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு லேப்டாப்பை மட்டும் கொடுங்கள். பயாஸ் வேலைக்கு டிஸ்க் தேவையில்லை.

அப்படியானால் பழைய கம்ப்யூட்டரில் அப்டேட்டே செய்யக் கூடாதா?

செய்யலாம், காரணம் இருந்தால். பாதுகாப்புக் குறை சரிசெய்யப்பட்டிருக்கிறது, அல்லது உங்களுக்கு இருக்கும் ஒரு பிரச்சினை தீரும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது என்றால் செய்யுங்கள். "புதுசு வந்திருக்கு" என்பது மட்டும் காரணம் ஆகாது. செய்வதாக இருந்தால்:

• முக்கியமான ஃபைல்களை முதலில் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள்.

• பயாஸ் செட்டிங் பக்கங்களை போட்டோ எடுங்கள்.

• பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கீயைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். அப்டேட் முடியும்வரை அதை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள்.

• பேட்டரி செத்திருந்தால் இன்வெர்ட்டர் அல்லது யுபிஎஸ் வழியாக மட்டும் செய்யுங்கள். இரண்டும் இல்லையா? அப்டேட்டைத் தள்ளிப்போடுங்கள்.

• காலையில் செய்யுங்கள். துலா மாத மழைக் காலத்திலும் கோடை மழையின்போதும் பாலக்காடு, இடுக்கி பக்கம் மத்தியானத்துக்கு மேல்தான் இடியும் மின்னலும் அதிகம். மேகம் கருத்திருக்கும்போது பயாஸைத் தொடாதீர்கள்.

• பவர் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன அந்த மீனாட்சிபுரம் வீட்டுக்குத் திரும்புவோம். திரை கருப்பாக இருக்கிறது. அதற்காகப் பாட்டியின் போட்டோ எங்கேயும் போய்விடவில்லை. போட்டோ டிஸ்க்கில் இருக்கிறது, கோளாறு சிப்பில் இருக்கிறது. அரை மணி நேரம் காத்திருப்பு, ஒரு பழைய சார்ஜர், சில போட்டோக்கள், சரியான ஒரு கேள்வி. இவ்வளவு செய்துவிட்டு, அதன் பிறகும் எழவில்லை என்றால், டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.